எட்டாயிரம் ரூபாய்க் கையெழுத்து: உயிரிழப்புக்கு இழப்பீடு வந்த வரலாறு



போன வாரம் என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்த மாணவன் ஒருவன் போன் செய்தான். இன்று அவனுக்கு இரண்டு பிள்ளைகள். ஆனாலும் "அவன்" என்றே எழுதுகிறேன். எனக்கு அவன் இன்னும் இரண்டாவது பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறான். இரண்டு மாதத்துக்கு முன் அவனுடைய அண்ணன் வண்டியில் வரும்போது பின்னால் வந்த வேன் மோதி இறந்துவிட்டார். கொத்தனார் வேலை. வயது 32. மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான அம்மா. இப்போது வேன்காரர் தரப்பில் யாரோ வீட்டுக்கு வந்து, "ரெண்டு லட்சம் ரொக்கமா தர்றோம், கேஸு கீஸுன்னு அலையாதீங்க, இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க" என்கிறார்களாம்.

"டீச்சர், அண்ணிய கையெழுத்துப் போடச் சொல்லலாமா?" என்று கேட்டான்.

"போடாதேன்னு சொல்லு" என்றேன். நானே எதிர்பாராத சத்தத்தில் சொல்லிவிட்டேன். அவன் ஒரு நிமிடம் பேசவே இல்லை. ஏன் அப்படிக் கத்தினேன் என்று அவனுக்கும் உங்களுக்கும் சொல்ல வேண்டும். அதற்கு முன், ஒருவர் அடுத்தவர் தவறால் இறந்துபோனால் அந்தக் குடும்பத்துக்கு என்ன கிடைத்தது, எப்படிக் கிடைத்தது என்ற வரலாற்றைச் சொல்கிறேன். நான் வக்கீல் இல்லை. இடைநிலை ஆசிரியைப் பயிற்சி முடித்து முப்பது வருடத்துக்கு மேல் பாடம் நடத்தியவள். எனக்குப் புரிந்த விதத்தில், கரும்பலகையில் எழுதுவது போல எழுதுகிறேன்.

1. கோயில் விளக்கும் உதிரப்பட்டியும்

நம் திருக்கோவிலூர் கீழையூர் வீரட்டானேசுவரர் கோயிலுக்கு உங்களில் பலரை வரிசையாகக் கூட்டிப் போயிருக்கிறேன். சுவரெல்லாம் கல்வெட்டு. "இதுல என்ன டீச்சர் எழுதியிருக்கு?" என்று கேட்பீர்கள். "பெரும்பாலும் விளக்குக் கணக்குதான்" என்பேன். சோழர் காலத்தில் கோயிலில் அணையா விளக்கு எரிக்க ஆடு கொடுப்பார்கள். ஒரு நந்தா விளக்குக்குப் பெரும்பாலும் 96 ஆடு. ஆட்டை வாங்கிய இடையர் தினமும் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழட்டு ஆடு செத்தாலும் குட்டி அதன் இடத்துக்கு வந்துவிடும் என்பதால் எண்ணிக்கை குறையக் கூடாது. அதனால்தான் அந்த ஆடுகளுக்குச் "சாவா மூவாப் பேராடு" என்று பெயர்.

அந்த விளக்குகளில் எல்லாமே பக்தியால் வந்தவை அல்ல. பழைய ஆற்காடு மாவட்டப் பகுதிகளில் கிடைத்த சோழர் காலக் கல்வெட்டுகள் சிலவற்றில் வேறு கதை இருக்கிறது. வேட்டைக்குப் போனவன் மிருகம் என்று நினைத்து விட்ட அம்பு ஒரு மனிதன் மேல் பாய்ந்துவிடுகிறது. ஆள் இறந்துபோகிறார். ஊரும் நாடும் கூடிப் பேசுகின்றன. வேண்டுமென்று செய்ததல்ல, ஆகவே உயிருக்கு உயிர் வேண்டாம், செத்தவர் பேரில் கோயிலில் விளக்கு எரிக்கட்டும் என்று தீர்ப்பாகிறது.

இதை முதலில் படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. தெரியாமல் செய்ததையும் தெரிந்து செய்ததையும் ஆயிரம் வருடத்துக்கு முன்பே பிரித்துப் பார்த்திருக்கிறார்களே! ஆனால் வயதாக ஆக வேறொரு கேள்வி வந்தது. விளக்கு கோயிலில் எரிந்தது. செத்தவர் வீட்டு அடுப்பு?

குடும்பத்துக்குக் கொடுத்த வழக்கமும் இருந்திருக்கிறது. தென்பெண்ணையை ஒட்டி மேற்கே செங்கம் பக்கம் போனால் பல்லவர் காலத்திலிருந்தே வைத்த நடுகற்கள் நிறைய உண்டு. மாட்டு மந்தையை மீட்கப் போய் இறந்தவர்களுக்கு வைத்தவை. இப்படி ஊருக்காக இறந்தவருடைய வாரிசுகளுக்கு நிலம் விட்டார்கள். அந்த நிலத்துக்கு "உதிரப்பட்டி" என்று பெயர். உதிரம் என்றால் இரத்தம். சாப்பாட்டுக்கு வழி செய்துவிட்டுப் போன மரணம். ஆனால் அது வீரனுக்குத்தான். யாரோ செய்த தவறால் சாதாரணமாகச் செத்தவர் குடும்பத்துக்கு அது பொதுவிதியாக இல்லை.

இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, தவறு செய்தவர் மன ஆறுதலுக்காகக் கொடுப்பது. மற்றொன்று, இழந்த வீடு பிழைப்பதற்காகக் கொடுப்பது. இன்றைய சட்டம் வரை இந்த இரண்டுக்கும் இடையில்தான் இழுபறி.

2. செத்தால் காசில்லை என்ற சட்டம்

இங்கிலாந்தில் இதைவிட வேடிக்கை. 1808-இல் ஒரு வழக்கு. குதிரைக் கோச்சு வண்டி கவிழ்ந்து ஒருவருடைய மனைவி இறந்துபோனார். கணவர் நஷ்டஈடு கேட்டார். ஒரு மனிதரின் சாவை உரிமையியல் நீதிமன்றத்தில் ஒரு தீங்காகக் காட்டி முறையிட முடியாது என்று நீதிபதி எல்லன்பரோ பிரபு சொல்லிவிட்டார். காலை உடைத்தால் காசு உண்டு. உயிரே போனால் இல்லை. அதாவது தவறு செய்தவருக்கு முழுதாகக் கொன்றுவிடுவது மலிவு!

ரயில் வந்த பிறகுதான் இந்த நியாயம் எடுபடவில்லை. கூட்டம் கூட்டமாக ஆட்கள் சாக ஆரம்பித்தார்கள். 1846-இல் கேம்பல் பிரபு கொண்டுவந்த சட்டம், இறந்தவரை நம்பி வாழ்ந்தவர்கள் வழக்குப் போடலாம் என்றது.

நம் நாட்டுக்கு அதே மாதிரிச் சட்டம் 1855-இல் வந்தது. உயிர்க்கேட்டு விபத்துச் சட்டம், 1855-ஆம் ஆண்டின் 13-ஆம் எண் சட்டம். மறு வருடம், 1856 ஜூலை 1-ஆம் தேதி, ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. நம் பக்கம் ரயிலுக்கு ஒரு வருடம் முன்னாலேயே சட்டம் வந்து நின்றுவிட்டது.

அந்தச் சின்னச் சட்டத்தில் இரண்டு வகை இழப்பீடு இருக்கிறது. முதல் பிரிவு, இறந்தவரின் மனைவி அல்லது கணவர், பெற்றோர், பிள்ளைகள் ஆகியோருக்கு அவர் வருமானம் நின்றதால் ஏற்பட்ட நஷ்டம். இரண்டாம் பிரிவு, இறந்தவரின் சொத்துக்கு ஏற்பட்ட நஷ்டம், அதாவது அவர் உயிரோடு இருந்தால் அவருக்கே சேர்ந்திருக்க வேண்டியது. அது வாரிசுகளுக்குப் போகும். இன்றைக்கும் கணக்கின் அடித்தளம் இந்த இரண்டுதான்.

3. தாராபுரம் பஸ்

இந்த இரண்டு வகையையும் உச்ச நீதிமன்றம் விளக்கிச் சொன்ன வழக்கு நம் தமிழ்நாட்டு வழக்கு என்பது பலருக்குத் தெரியாது. 1947 செப்டம்பர் 20. சுதந்திரம் வந்து ஐந்து வாரம். தாராபுரம் – பழனி சாலையில், தாராபுரத்திலிருந்து மூன்றாவது மைலில் ஒரு பஸ் விபத்துக்குள்ளானது. அதில் பயணம் செய்த ஒருவர் அடிபட்டு, மூன்று நாளில் இறந்துபோனார். அவருடைய அப்பா, மனைவி, பிள்ளைகள் வழக்குப் போட்டார்கள். சார்பு நீதிமன்றம், சென்னை உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று போய் 1961-இல்தான் முடிந்தது. மனைவி மக்களுக்கு வருமான இழப்புக்காக 25,200 ரூபாய், இறந்தவரின் சொத்து இழப்புக்காக 5,000 ரூபாய் என்று உயர் நீதிமன்றம் கொடுத்ததை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. கோபால்டு மோட்டார் சர்வீஸ் வழக்கு என்று சட்டக் கல்லூரியில் இன்றும் இதைப் படிக்கிறார்கள்.

தொகையை விட எனக்கு உறைத்தது வருடம். 1947-இல் கைக்குழந்தையாக இருந்த பிள்ளைக்கு 1961-இல் வயது 14. பசிக்கிற வயதில் கிடைக்காத பணம்.

தொழிலாளர்களுக்கு வேறு வழி முன்னாலேயே வந்துவிட்டது. 1923-இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். 1924 ஜூலை 1 முதல் நடைமுறை. வேலை செய்யும்போது வேலை காரணமாக விபத்தில் இறந்தால் முதலாளியின் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை. கூலியையும் அட்டவணையையும் பார்த்துத் தொகை. தவறு யார் மேல் என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு, வீடு பிழைக்க வேண்டும் என்பதை முன்னால் வைத்த சட்டம்.

வாகன விபத்துக்கு 1939-இல் மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. அடிபடுகிற மூன்றாம் நபருக்காக ஒவ்வொரு வண்டிக்கும் இன்சூரன்ஸ் கட்டாயம் என்ற பகுதி 1946 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. 1956 திருத்தத்தில் விபத்து இழப்பீட்டுக்கென்று தனித் தீர்ப்பாயம் அமைக்க வழி செய்தார்கள். 1982-இல் இன்னொரு திருத்தம். வாகன விபத்தில் இறந்தவர் மேலேயே தவறு இருந்தாலும் 15,000 ரூபாய் கொடுத்தாக வேண்டும். நிரந்தர ஊனத்துக்கு 7,500.

இந்த 15,000 என்ற எண்ணை நினைவில் வையுங்கள்.

4. நான் எழுதிய தாள்

1986. எனக்கு வேலை கிடைத்து மூன்று வருடம். என் தங்கைக்கு வயது 24. அவள் வீட்டுக்காரர் கொத்தனார். 28 வயது. விழுப்புரம் ரோட்டில் சைக்கிளில் வந்தவரை லாரி அடித்தது. அங்கேயே முடிந்துவிட்டது. பெரியவனுக்கு மூன்று வயது, சின்னவள் மடியில்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் லாரி முதலாளி தரப்பில் ஆள் வந்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் கோயில் திண்ணையில் கூடினார்கள். "சைக்கிள் நடு ரோட்டுல வந்துது, தப்பு நம்ம பக்கமும் இருக்கு" என்றார்கள். "கோர்ட்டுக்குப் போனா பத்து வருஷம் ஆவும், வக்கீலுக்கே பாதி போயிடும்" என்றார்கள். "பொம்பளப் புள்ள கோர்ட்டுப் படி ஏறணுமா?" என்றார்கள். ஆறாயிரத்தில் ஆரம்பித்து எட்டாயிரத்தில் முடிந்தது. யாருமே கெட்டவர்கள் இல்லை. என் பெரியப்பாவும் அதில் ஒருவர். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தார்கள்.

எழுதுவதற்கு ஆள் வேண்டுமே. "டீச்சர் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும், நீயே எழுதும்மா" என்றார் பெரியப்பா. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். இனி எந்தக் காலத்திலும் இது சம்பந்தமாக எந்தக் கோரிக்கையும் செய்ய மாட்டோம் என்று அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி, என் தங்கை கையைப் பிடித்துக் கையெழுத்து வாங்கினேன். அவள் படிக்கவே இல்லை. "அக்கா எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

மூன்று வருடம் கழித்து, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சமயம். பள்ளியில் சாப்பாட்டு வேளையில் பேப்பர் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தோம். சக ஆசிரியர் ஒருவர் சாதாரணமாகச் சொன்னார்: "பழைய சட்டத்துலயே தப்பு யாருதுன்னு பாக்காம பதினஞ்சாயிரம் உண்டே." எனக்குச் சோறு இறங்கவில்லை. சைக்கிள் நடு ரோட்டில் வந்ததோ ஓரத்தில் வந்ததோ, அந்தப் பதினைந்தாயிரத்துக்கு அது ஒரு கேள்வியே இல்லை. அதற்கு மேல் வழக்குப் போட்டு வாங்குவது தனி. அந்தப் பணத்தையும் லாரி முதலாளி தன் சட்டைப் பையிலிருந்து தரப்போவதில்லை. இன்சூரன்ஸ் கம்பெனி தரும். திண்ணையில் உட்கார்ந்திருந்த பதினைந்து பேரில் ஒருவர்கூட "லாரிக்கு இன்சூரன்ஸ் இருக்கா?" என்று கேட்கவில்லை. படித்தவள் நான் ஒருத்தி இருந்தேனே, நானும் கேட்கவில்லை. மனு கொடுக்க ஆறு மாதம் கெடு. அது எப்போதோ போய்விட்டது.

5. கணக்கு வந்த கதை

அந்தக் காலத்தில் ஒரு நீதிமன்றம் ஒரு மாதிரியும் அடுத்த நீதிமன்றம் வேறு மாதிரியும் தொகை போட்டன. ஒரே வயது, ஒரே கூலி, ஆனால் வேறு வேறு தொகை. சூசம்மா தாமஸ் வழக்கில் "பெருக்கு எண்" முறைதான் சரி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2009-இல் சரளா வர்மா வழக்கில் வயதுக்கு ஏற்ற அட்டவணையே கொடுத்தது. 2017 அக்டோபர் 31-இல் பிரணய் சேத்தி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு எதிர்கால வருமான உயர்வையும் மற்ற தொகைகளையும் வரையறுத்தது. இப்போது கணக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். என் மாணவனின் அண்ணனுக்குப் போட்டுப் பார்ப்போம். மாத வருமானம் 15,000 என்று வைத்துக்கொள்வோம்.

முதல் படி: வருட வருமானம் 1,80,000.

இரண்டாம் படி: உயிரோடு இருந்திருந்தால் கூலி ஏறியிருக்கும் அல்லவா? நிரந்தர வேலை இல்லாதவர், வயது 40-க்குக் கீழ் என்றால் 40 சதவீதம் கூட்ட வேண்டும். 2,52,000. (நிரந்தர வேலையில் இருப்பவருக்கு இந்த வயதில் 50 சதவீதம். வயது ஏற ஏற இது குறையும்.)

மூன்றாம் படி: அவர் சொந்தச் செலவைக் கழிக்க வேண்டும். மணமாகாதவர் என்றால் பாதி. மணமானவரை நம்பி இரண்டு மூன்று பேர் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு. நான்கு முதல் ஆறு பேர் என்றால் நான்கில் ஒரு பங்கு. அதற்கு மேல் என்றால் ஐந்தில் ஒரு பங்கு. இங்கே நான்கு பேர். நான்கில் ஒரு பங்கு போக 1,89,000.

நான்காம் படி: வயதுக்கான எண்ணால் பெருக்க வேண்டும். 25 வரை 18, 26–30-க்கு 17, 31–35-க்கு 16, 36–40-க்கு 15. இப்படிக் குறைந்து 65-க்கு மேல் 5. இங்கே 16. ஆக 30,24,000.

இது வருமான இழப்பு மட்டும். இதோடு சேர்வன: சொத்து இழப்பு 15,000. ஈமச் செலவு 15,000. துணை இழப்பு 40,000. இந்த மூன்றும் 2017-இல் சொன்ன தொகை. மூன்று வருடத்துக்கு ஒரு முறை 10 சதவீதம் கூட்ட வேண்டும். துணை இழப்பு மனைவிக்கு மட்டுமல்ல. அப்பாவை இழந்த பிள்ளைக்கும் பிள்ளையை இழந்த தாய் தகப்பனுக்கும் உண்டு என்று 2018-இல் மேக்மா இன்சூரன்ஸ் வழக்கில் தீர்ப்பானது. ஆஸ்பத்திரியில் இருந்து இறந்தவர் என்றால் வைத்தியச் செலவு தனி. மனு கொடுத்த நாளிலிருந்து வட்டியும் உண்டு.

முப்பது லட்சத்துக்கு மேல் வரக்கூடிய இடத்தில் இரண்டு லட்சம்! அதனால்தான் கத்தினேன். நீதிமன்றம் வருமானத்தைக் குறைத்து எடுத்துக்கொள்ளலாம். இறந்தவர் மேலும் தவறு இருந்தால் அந்தப் பங்கைக் கழிக்கலாம். ஆனாலும் அது கணக்கு. அதைக் கேட்காமலேயே கையெழுத்துப் போடக் கூடாது.

வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் ஒன்று கேட்பீர்கள். அமெரிக்காவில் தவறு செய்தவரைத் தண்டிக்கவே பெரிய தொகை போடுகிறார்களே, இங்கே இல்லையா என்று. வாகன விபத்து வழக்கில் நம் கணக்கு இழப்பை ஈடு செய்வதற்குத்தான். தண்டனைக்குக் குற்ற வழக்கு தனியாக நடக்கும். அதில் டிரைவர் விடுதலையானால்கூட இழப்பீட்டு வழக்கு அதனாலேயே விழுந்துவிடாது.

6. சம்பளம் வாங்காத உழைப்பு

இதைப் பெண்களுக்காகத் தனியே எழுதுகிறேன். வீட்டில் இருக்கும் அம்மா இறந்துபோனால் கணக்கு என்ன? "வருமானம் இல்லை" என்று முடித்துவிடலாமா? 1989 மார்ச் 3-இல் ஜாம்ஷெட்பூரில் நிறுவனர் நாள் விழாவில் தீப்பிடித்துப் பெண்களும் குழந்தைகளுமாகப் பலர் இறந்தார்கள். அந்த வழக்கில் 2001-இல் உச்ச நீதிமன்றம், 34 முதல் 59 வயது வரையிலான இல்லத்தரசிகளின் உழைப்பை மாதம் 3,000 ரூபாய் என்று மதித்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இல்லத்தரசிகளைப் பிச்சையெடுப்போர், சிறைக்கைதிகளோடு ஒரே பட்டியலில் "உழைக்காதவர்" என்று சேர்த்திருந்ததை 2010-இல் ஒரு தீர்ப்பு கண்டித்தது. 2021 ஜனவரியில் கீர்த்தி வழக்கில், இல்லத்தரசிக்கும் வருமானம் கணக்கிட வேண்டும், அதற்கும் எதிர்கால உயர்வு உண்டு என்று தெளிவாக்கினார்கள். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து வாசல் தெளிப்பவளுக்குச் சட்டம் மதிப்புக் கொடுக்க இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது.

7. கருணாபுரம்

நம் மாவட்டத்தில் நடந்ததைச் சொல்லாமல் முடிக்க முடியாது. 2024 ஜூன் 18, 19. கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அடுத்தடுத்துச் சாவு. 60-க்கும் மேற்பட்டோர் போனார்கள். அரசு இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சமும் சிகிச்சை பெறுவோருக்கு ஐம்பதாயிரமும் அறிவித்தது. தாய் தகப்பன் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 5,000 ரூபாய், படிப்புச் செலவு, பேரில் ஐந்து லட்சம் வைப்புத் தொகை. ஒருவரை இழந்த பிள்ளைக்கு மூன்று லட்சம் வைப்புத் தொகை. அதே வருடம் நவம்பரில் உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது.

அப்போது நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலேயே சண்டை வந்தது. "குடிச்சுச் செத்தவனுக்குப் பத்து லட்சமா? எல்லைல செத்தவனுக்கு என்ன?" என்று கேட்டீர்கள். பத்து லட்சத்தை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கும் வந்தது. அன்று நான் பதில் எழுதவில்லை. இன்று எழுதுகிறேன்.

அது இழப்பீடு இல்லை, கருணைத்தொகை. இரண்டும் ஒன்றல்ல. கருணைத்தொகை அரசு மனமிரங்கித் தருவது. கணக்கு இல்லை, வயது இல்லை, எல்லோருக்கும் ஒரே தொகை. கேட்டு வாங்கும் உரிமை இல்லை. அடுத்த ஊரில் அடுத்த சாவுக்கு வேறு தொகை வரலாம். இழப்பீடு அப்படி அல்ல. அது கடன். தவறு செய்தவர் திருப்பித் தர வேண்டிய கடன். அரசின் தவறால் உயிர் போனால் அரசே அந்தக் கடனைக் கட்ட வேண்டும் என்று 1993-இல் நீலாபதி பெஹரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. காவலில் மகனை இழந்த ஒடிசாத் தாய் நீதிமன்றத்துக்கு எழுதிய கடிதமே அங்கே மனுவானது. ஒன்றரை லட்சம் கொடுக்கச் சொன்னார்கள்.

அதனால் பத்து லட்சம் அதிகமா குறைவா என்று சண்டை போடுவதற்கு முன், அது எந்த வகைப் பணம் என்று கேளுங்கள். சாராயம் காய்ச்சியவர், விற்றவர், கண்டும் காணாமல் விட்டவர் தர வேண்டிய கடன் அந்தப் பத்து லட்சத்தால் தீர்ந்துவிடவில்லை. குடித்தது தவறு என்றால் அந்தத் தவறு அப்பாவுடையது. பிள்ளை என்ன குடித்தது? மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்து, "உங்க அப்பன் செத்தது நல்ல சாவு இல்லை, உனக்கு நோட்டு கிடையாது" என்று எந்த ஆசிரியராவது சொல்வாரா?

8. செய்ய வேண்டியவை

சுருக்கமாக எழுதுகிறேன். எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

2022 ஏப்ரல் 1 முதல் மறுபடியும் ஆறு மாதக் கெடு சட்டத்தில் வந்திருக்கிறது. விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு கொடுத்துவிடுங்கள். வக்கீல்கள் இதை எம்.சி.ஓ.பி. என்பார்கள். விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்றில்லை. நீங்கள் குடியிருக்கும் எல்லைக்கு உரிய தீர்ப்பாயத்திலும் போடலாம்.

முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று, வாரிசுச் சான்றிதழ், வயதுக்கு ஆதாரம், வருமானத்துக்கு ஆதாரம், மோதிய வண்டியின் இன்சூரன்ஸ் விவரம் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். கொத்தனார், சித்தாள், டிரைவர் எல்லோரும் நலவாரியத்தில் பதிவு செய்யுங்கள். உயிரோடு இருக்கும்போதே கூலிக்கு ஒரு காகிதம் இருக்கட்டும்.

தவறு யாருடையது என்று பார்க்காமலே வாங்கும் வழியும் இப்போது இருக்கிறது. இறப்புக்கு ஐந்து லட்சம். மோதிய வண்டி எது என்றே தெரியாவிட்டாலும் இரண்டு லட்சம் உண்டு.

வக்கீல் வைக்கப் பணம் இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கின்றன. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவச உதவி. போன் எண் 15100. சமாதானமாகப் போக வேண்டும் என்றால் மக்கள் நீதிமன்றத்தில் நீதிபதி முன்னால் போங்கள். கோயில் திண்ணையில் வேண்டாம்.

9. என் தங்கை

என் தங்கைக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. அந்த எட்டாயிரத்தில் காரியக் கடன் போக மீதியில் ஒரு கறவை மாடு வாங்கினாள். இரண்டு ஈத்துக்குப் பிறகு அது செத்துப்போனது. அதன் பிறகு மல்லாட்டை பிடுங்கவும் கரும்பு வெட்டவும் போய்த்தான் பிள்ளைகளை வளர்த்தாள். பெரியவன் பத்தாவதோடு நின்றுவிட்டான். என் சம்பளத்தில் முடிந்ததைச் செய்தேன். அது கடனைக் கட்டுவது போலத்தான் இருந்தது.

மாணவனின் போன் வந்த அன்று இரவு, காலண்டர் தாளின் பின்பக்கம் இன்றைய சூத்திரத்தில் அவள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அன்றைய கூலி மாதம் 600. வருடம் 7,200. 40 சதவீதம் கூட்டி 10,080. மாமியாரோடு சேர்த்து நம்பியிருந்தவர் நான்கு பேர். நான்கில் ஒரு பங்கு கழித்து 7,560. வயது 28, பெருக்கு எண் 17. 1,28,520 ரூபாய். அன்றைய நீதிமன்றம் இவ்வளவு கொடுத்திருக்காது. இந்தச் சூத்திரம் அப்போது இல்லை. ஆனாலும் எட்டாயிரம் என்று எழுதிய கை இந்த எண்ணையும் ஒரு முறை எழுதிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

மறுநாள் அவள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பதினைந்தாயிரம் பற்றி இத்தனை வருடம் அவளிடம் நான் வாய் திறந்ததில்லை. கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாள். பிறகு, "அன்னைக்கு உனக்குத் தெரியாதுக்கா. இன்னைக்குத் தெரியுது இல்ல, அந்தப் புள்ளைங்க வீட்டுக்கு நீ போயிட்டு வா" என்றாள்.

வியாழக்கிழமை போகிறேன். அந்தப் பெண்ணுக்கு முன்னால் உட்கார்ந்து, வந்த தாளை வரி வரியாகப் படித்துக் காட்டப் போகிறேன். பிறகு சட்டப் பணிகள் குழு அலுவலகத்துக்குக் கூட்டிப் போவேன். ஆறு மாதத்தில் இரண்டு மாதம்தான் போயிருக்கிறது.

பதிவு நீண்டுவிட்டது. வகுப்பு மணி அடித்த பிறகும் நான் பாடம் நடத்துவேன் என்று உங்களுக்குத் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் வக்கீலாக இருப்பவர்கள் தவறு இருந்தால் திருத்துங்கள். மற்றவர்கள், உங்கள் தெருவில் இப்படி ஒரு வீடு இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள்.

வண்டியில் போகும்போது ஹெல்மெட் போடுங்கள் பிள்ளைகளா. எந்தக் கணக்கும் உங்களுக்கு ஈடாகாது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
திருக்கோவிலூர்